காஞ்சிபுரத்தில் பதினான்கு முன்சக்கரங்கள்

காஞ்சிபுரம் போகிறேன் என்றதும் மலேசியாவின் தைப்பிங்கில் எனக்குத் தெரிந்த பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவைக்குச் சொல்லிவிட்டார்கள். நிறம், கரை, முந்தானை என்று பட்டியலே வந்தது. நான் போனது பிரேக் பார்க்க.

தைப்பிங்கில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக மோட்டார்சைக்கிள் பிரேக் வேலை மட்டும்தான். வார இறுதியில் பந்தயம் நடந்தால், வரும் வண்டிகளைச் சோதித்து, இது ஓடலாம், இது ஓடக்கூடாது என்று சொல்லும் பொறுப்பும் என்னுடையது. காஞ்சிபுரத்தில் உள்ள ஒரு மோட்டார்சைக்கிள் சங்கம் ஜவ்வாது மலை வரை போய்த் திரும்பும் இரண்டு நாள் ஓட்டம் ஒன்றை நடத்துகிறது. அதன் செயலாளர் முரளி போன வருடம் எங்கள் பக்கம் வந்திருந்தார். அன்று ஒரு பெரிய அணியின் வண்டியை நான் திருப்பி அனுப்பியதை நின்று பார்த்தாராம். ஊருக்குப் போனதும், "அந்த அம்மாவக் கூப்ட்டாத்தான் சரி" என்று சங்கத்தில் பேசி முடித்துவிட்டார். அழைப்பு வந்த அன்று பட்டறைக்கு வந்த வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் அதைப் படித்துக் காட்டினேன். கேட்காதவர்களுக்கும் காட்டினேன்.

சென்னை விமான நிலையத்தில் துணிப்பெட்டி வந்தது, கருவிப்பெட்டி வரவில்லை. பிரேக் டிஸ்க்கின் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டர் அதில்தான் இருந்தது. "ரெண்டு நாள்ல வந்துடும் மேடம்," என்றார் அங்கிருந்தவர். என் வேலைக்கு இருந்ததே அந்த இரண்டு நாள்தான்.

என்னை அழைத்துப்போக முரளி வந்திருந்தார். காரில் ஏறியதும், "மோட்டார் எல்லாம் வந்துவிட்டதா?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "நீங்க தங்கற வீட்ல ரெண்டு மோட்டார் இருக்குது. தண்ணிக் கஷ்டமே இல்ல," என்றார். எங்கள் ஊரில் மோட்டார் என்றால் இருசக்கர வண்டி. இங்கே அது கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற இயந்திரம். அதன் பிறகு நானும் 'வண்டி' என்றே சொல்லப் பழகிக்கொண்டேன்.

தங்க வைத்தது ஊருக்கு வெளியே ஒரு கிராமத்தில், நேமிநாதன் என்பவர் வீட்டில். சமணக் குடும்பம். நெல்லும் வேர்க்கடலையும் விளைவிக்கிறார்கள், எண்ணெய் வியாபாரமும் உண்டு. நேமிநாதனுக்கு ஐம்பது வயது இருக்கும். சங்கத்தில் அவரும் ஒரு உறுப்பினர், இந்த ஓட்டத்தில் ஓட்டப் போகிறவர். இரண்டு வருடம் முன்பு பெங்களூரில் ஒருவரிடமிருந்து வாங்கிய பெரிய சிவப்பு வண்டி, முற்றத்தில் துணி போர்த்தி நின்றது. அவர் மனைவி பத்மாவதி ஐந்தரை மணிக்கே சாப்பிடக் கூப்பிட்டார். நான் மாலைச் சிற்றுண்டி என்று நினைத்துப் போனேன். புடலங்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல், மிளகு ரசம், கெட்டித் தயிர் என்று முழுச் சாப்பாடு.

"பொழுது எறங்கிட்டா எங்க வீட்ல அடுப்பு பத்தாதுங்க. வெங்காயம், பூண்டு, கெழங்கு எதுவும் கெடையாது. ஒங்களுக்குச் சேருமோ என்னமோ," என்றார் பத்மாவதி.

தைப்பிங்கில் நாங்கள் இரவு ஒன்பதரைக்கு மேல்தான் கடைக்குப் போய் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயும், நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீயும் சாப்பிடுவோம். வெங்காயம் இல்லாத கறியை நான் கற்பனை செய்ததுகூட இல்லை. ஆனால் அந்தக் கூட்டை மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏனாத்தூரில் ஒரு கல்லூரி மைதானத்தில் சோதனை. பதினான்கு வண்டிகள் வரிசையாக நின்றன. மைக்ரோமீட்டர் இல்லை என்றதும் முரளி கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு வெர்னியர் அளவுகோலை வாங்கி வந்து கொடுத்தார். பதினொரு மணிக்கு மைதானத்தை மாணவர்களுக்கு விட்டாக வேண்டும் என்றும் சொன்னார்.

முன்பிரேக்கில் நான் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு விஷயம். ஒன்று ஆட்டம். பெரிய வண்டிகளில் டிஸ்க் ஒரே தகடாக இருக்காது. பிரேக் பிடிக்கிற வெளிவளையம் தனி, சக்கரத்தோடு சேர்கிற உள்தட்டு தனி. இரண்டையும் சுற்றிலும் உள்ள பொத்தான்கள் இணைக்கும். சூட்டில் வளையம் விரிய இடம் வேண்டும் என்பதால் பக்கவாட்டில் இம்மியளவு அசைவு இருக்கலாம். வளையத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, 'டக்' என்று இடித்தால் பொத்தான் தேய்ந்துவிட்டது என்று பொருள். இன்னொன்று தேய்மானம். டிஸ்க் எவ்வளவு மெலியலாம் என்ற எண்ணை அதிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் மலை இறக்கத்தில் சூடு தாங்காது. வளையும், சில சமயம் வெடிக்கும்.

முதல் பன்னிரண்டு வண்டிகளும் தேறின. அதில் நேமிநாதனுடையதும் ஒன்று. வெர்னியரில் நாலு புள்ளி எட்டு மில்லிமீட்டர், குறைந்தபட்ச அளவு நாலரை. டிஸ்க்கைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

பதின்மூன்றாவது, கறுப்பு வண்டி. கூட வந்தவர் முப்பது வயதுப் பெண், முழங்கைவரை மடித்த சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். பெயர் டெய்சி. செவிலிமேட்டில் சொந்தமாக மெக்கானிக் கடை வைத்திருக்கிறார், வண்டியை ஓட்டப் போகிறவரும் அவர்தான். சக்கரத்தைத் தூக்கி வளையத்தைத் திருப்பினேன். இடித்தது. இன்னொரு முறை திருப்பினேன். சந்தேகமே இல்லை.

"இது ஓடக்கூடாது," என்றேன்.

சுற்றி நின்ற ஆண்களில் சிலர் சிரித்த மாதிரி இருந்தது. டெய்சி அவர்கள் பக்கம் திரும்பவில்லை. குனிந்து, வளையத்துக்கும் உள்தட்டுக்கும் நடுவே ஒரு விரலை வைத்து, என்னை மறுபடி திருப்பச் சொன்னார்.

"ஆமா மேடம், இடிக்குது. போன வாரம் இல்ல. சரி, நா ஒத்துக்கறேன். எப்ப வரைக்கும் டைம்?"

"நாளைக்குப் பத்து மணி."

"கொண்டாரேன்." பிறகு சற்றுத் தயங்கி, வேறு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "ஒண்ணு கேக்கலாமா, கோச்சுக்காதீங்க. எல்லா வண்டியும் இந்த வெர்னியர்லயா அளந்தீங்க? அது ஒதட்டுல உக்காந்துக்கும் மேடம்."

அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. பிரேக் கட்டை டிஸ்க்கின் ஓரம் வரை போய்ப் பிடிக்காது. ஓரத்தில் ஒரு நூல் அகலத்துக்குத் தேயாமல் அப்படியே நிற்கும். அதைத்தான் உதடு என்கிறார்கள். வெர்னியரின் தட்டையான தாடை இரண்டு பக்கமும் அந்த உதட்டின்மேல் உட்கார்ந்துவிட்டால், நடுவே எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அளவு கூடுதலாகத்தான் காட்டும். அதனால்தான் கூர்முனை கொண்ட மைக்ரோமீட்டரை உள்ளே விட்டு அளக்க வேண்டும். என் பட்டறையில் வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்கிற விஷயம் அது. அவசரம், கூட்டம், வேறு கருவி இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு காலையிலிருந்து அளந்துகொண்டிருந்தேன்.

"என் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்," என்றேன்.

"சரி மேடம்," என்று சொல்லிவிட்டு டெய்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பதினான்காவது வண்டியையும் வெர்னியரிலேயே அளந்து, தேறியது என்று கையெழுத்துப் போட்டேன்.

அன்று மதியம் முரளி என்னை ஊர் சுற்றிக் காட்டினார். கோயிலில் மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மூங்கில் குடலையில் வேகவைத்த இட்லியை வெட்டிக் கொடுத்தார்கள். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்டது. அவர் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார், எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒரு மெக்கானிக் பெண் என் தவறை எனக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார், நான் அவர் முகத்தில் அடித்த மாதிரி பேசியிருக்கிறேன்.

மாலையில் வீடு திரும்பியபோது நேமிநாதன் முற்றத்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து பேசுகிற சாக்கில் முன்சக்கரத்தின் பக்கம் போனேன். டிஸ்க்கின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்து உள்நோக்கி இழுத்தேன். நகம் உதட்டைத் தாண்டிப் படி இறங்குவதுபோல் இறங்கியது.

"அடுத்த வாரம் எனக்கு அம்பத்தொண்ணு ஆகுது," என்றார் நேமிநாதன். "மலை ஏறி எறங்கணும்னு ஒரு வருஷமா தயாராயிட்டு வரேங்க. தெனம் காலைல ஏரியச் சுத்தி நாப்பது கிலோமீட்டர்."

பத்மாவதி சாப்பிடக் கூப்பிட்டார். அன்று பீர்க்கங்காய் துவையலும் மோர்க்குழம்பும். அவர் எனக்குப் பரிமாறப் பரிமாற, நான் டிஸ்க்கைப் பற்றிப் பேச்செடுக்காமல் சாப்பிட்டேன். விரல் நகத்தை வைத்து யாருடைய வண்டியையும் ஓடக்கூடாது என்று தள்ள முடியாது. கையில் சரியான கருவி வேண்டும். அது இந்த ஊரில் யாரிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் பஸ் நிலையம், அங்கிருந்து செவிலிமேட்டுக்கு டவுன் பஸ். பாதி வழியில் பஸ் நின்றுவிட்டது. ஏதோ உற்சவம், சாமி வீதிக்கு வந்திருந்தது.

"சாமி போனாத்தான் பஸ் போவும். அவசரம்னா எறங்கி நடங்கம்மா," என்றார் கண்டக்டர்.

பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள், மடியில் பட்டு நூல் பையோடு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேச்சு ஒரு மாரி இருக்குதே, எந்த ஊரு?"

"மலேசியா."

"பொடவ எடுக்க வந்தீங்களா?"

"பிரேக் பார்க்க வந்தேன். செவிலிமேட்டில் டெய்சி என்று ஒருவர் கடை..."

"டெய்சி கடையா? எங்க ஊட்டுக்காரர் வண்டியும் அதாண்ட தாம்மா வுடறது. தெருமொனையில வரும்போதே சத்தத்தக் கேட்டு இன்னா கோளாறுன்னு சொல்லிடும்." தன் பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசினார். "வாங்க, நானும் அந்தப் பக்கந்தான். நடந்துக்கினே போலாம்."

இருவரும் சாமி ஊர்வலத்தின் ஓரமாக இடித்துப் பிடித்து வெளியே வந்து, இருபது நிமிடம் நடந்தோம். கடை வாசலில் என்னை ஒப்படைத்த மாதிரி விட்டுவிட்டு, "ஒன்னத் தேடி மலேசியாவுலேர்ந்து வந்துகிறாங்க, பாரு," என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுப் போனார் அந்த அம்மாள்.

டெய்சி தரையில் உட்கார்ந்து முன்சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தார். ஓரமாக அதே மாதிரி இன்னொரு வண்டி, முன்சக்கரம் இல்லாமல் ஒரு கட்டைமேல் நின்றது.

"எங்க ஊட்டுக்காரர் வண்டி," என்றார். "அதுலேர்ந்து டிஸ்க்கக் கழட்டிக்கினேன். அவரு கம்பெனிக்கு பஸ்ல போயிட்டாரு. கேட்டதும் குடுத்துட்டாருப்பா, ஒரு வார்த்த பேசல." எழுந்து கையைத் துடைத்தார். "பத்து மணிக்கு நானே வரேன்னேனே மேடம்?"

"உங்களிடம் மைக்ரோமீட்டர் இருக்கிறதா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு மரப்பெட்டியை எடுத்தார். என்னுடையதைவிடப் பழையது. மூடிப் பார்த்தபோது சுழியத்தில் சரியாக நின்றது.

"நேற்று நான் பேசியது சரியில்லை," என்றேன். "நீங்கள் சொன்னதுதான் சரி. எல்லா வண்டியையும் திரும்ப அளக்கப் போகிறேன்."

"எடுத்துக்கினு போங்க," என்றார். பிறகு, "எப்டிப் போவீங்க? பஸ்ஸு அங்கியே நிக்குமே. என் வண்டியில ஏறுங்க, வுட்டுடறேன்."

"பரிசோதிக்காத வண்டியில் நான் ஏறமாட்டேன்."

டெய்சி முதல் முறையாகச் சிரித்தார். "அப்ப இங்கியே பாருங்க."

அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். டிஸ்க்கை எட்டு இடத்தில் அளந்தேன். எல்லா இடத்திலும் போதிய தடிமன் இருந்தது, இடத்துக்கு இடம் வித்தியாசமும் இல்லை. வளைவு பார்க்க டயல் கேஜ் இல்லையே என்றேன். டெய்சி ஒரு சைக்கிள் கம்பியை எடுத்து, சக்கரத்தைப் பிடிக்கும் முன்கவையில் இறுக்கிக் கட்டி, அதன் நுனியை டிஸ்க்கை உரசியும் உரசாமலும் நிற்க வைத்துச் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். நுனிக்கும் டிஸ்க்குக்கும் நடுவே தெரிந்த வெளிச்சக் கீற்று கூடவுமில்லை, குறையவுமில்லை. பிறகு ஆட்டம். வளையத்தை முன்னும் பின்னும் திருப்பினேன். இடிக்கவில்லை.

"எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன்.

"ஐடிஐ. மீதி இங்கதான். எங்கப்பா அடுத்தவங்க வயல்ல கூலிக்குப் போனவரு. எங்க ஊட்ல மொத வண்டியே நா வாங்கினதுதான். அதக் கழட்டிக் கழட்டி மாட்டித்தான் பழகினேன்." அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. கேட்ட எனக்குத்தான் பெருமையாக இருந்தது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, நாங்கள் ஒரே தொழில் செய்கிறவர்கள், அவ்வளவுதான்.

டெய்சியின் வீட்டில் முந்தின நாள் வைத்த மீன்குழம்பும் இட்லியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். வெங்காயம், பூண்டு எல்லாம் தாராளமாக இருந்தது. ஏனாத்தூர் போகிற வழியில் ஒரு கல்லூரிப் பேருந்து எங்கள் முன் சட்டென்று நின்றது. டெய்சி பிரேக்கைப் பிடித்தார். வண்டி நேர்கோட்டில், ஒரு நடுக்கமும் இல்லாமல் நின்றது.

மைதானத்தில் எல்லோரும் வண்டியைக் கழுவி, எண் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முரளியை அழைத்து, எல்லா வண்டியையும் மறுபடி அளக்க வேண்டும் என்றேன்.

"நேத்து பாஸ் பண்ணீங்களே மேடம்?"

"நேற்று தவறாக அளந்தேன். ஓரத்து உதட்டை அளந்திருக்கிறேன். இதை எனக்கு எடுத்துச் சொன்னவர் டெய்சி. இந்த மைக்ரோமீட்டரும் அவருடையது."

முணுமுணுப்பு எழுந்தது. "இதென்னா வெளையாட்டா?" என்றார் ஒருவர். "அந்தப் பொண்ணு வண்டியத் தள்ளிட்டாங்கன்னு அது கெளப்பி வுடுது," என்றார் இன்னொருவர். டெய்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் நேராக நேமிநாதனின் சிவப்பு வண்டிக்குப் போனேன். முதலில் அதை அளக்காவிட்டால் அப்புறம் எனக்குத் துணிவு வராது என்று தெரியும்.

முதல் இடத்தில் நாலு புள்ளி மூன்று ஐந்து. அடுத்த இடத்தில் நாலு புள்ளி மூன்று. எட்டு இடத்திலும் ஒன்றுகூட நாலரையைத் தொடவில்லை. அவர் வீட்டில் இரண்டு நாள் சாப்பிட்ட கை, மைக்ரோமீட்டரைப் பிடித்திருந்தது.

"நேமிநாதன் ஐயா," என்றேன், "இது ஓடக்கூடாது."

அவர் வண்டியின் அருகே வந்தார். பிறகு மண்டியிட்டு உட்கார்ந்து, "எனக்குக் காட்டுங்க," என்றார். கருவியை அவர் கையில் கொடுத்தேன். எங்கே வைப்பது, எப்படித் திருகுவது, எண்ணை எப்படிப் படிப்பது என்று சொன்னேன். அவரே அளந்தார். பொறித்திருந்த எண்ணைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மறுபடி அளந்தார். எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, வண்டியில் ஒட்டியிருந்த எண்ணைத் தன் கையாலேயே உரித்து எடுத்தார்.

"புது டிஸ்க்கு நாளைக்குள்ள கெடைக்குமா?" என்று டெய்சியிடம் கேட்டார்.

"இந்த வண்டிக்கா? சென்னையிலயே சொல்லி வெச்சுத்தான் வாங்கணும் சார். ஒரு வாரம் ஆவும்."

"அப்ப சரி," என்றார்.

மீதி வண்டிகளையும் அளந்தேன். எல்லாம் தேறின. இந்த முறை யாரும் முணுமுணுக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் முறை வந்ததும் குனிந்து எண்ணைத் தானும் பார்த்துக்கொண்டார்கள். டெய்சியின் வண்டியை எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அன்று பிற்பகல் என் கருவிப்பெட்டி வந்து சேர்ந்தது. அதைத் திறக்கவே இல்லை.

மாலையில் அந்த வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். பத்மாவதி வழக்கம்போல் ஐந்தரைக்கு இலை போட்டார். பரிமாறிக்கொண்டே, "நீங்க வேற வீட்ல தங்கியிருந்தா இவரு நாளைக்கு மலையில இருந்திருப்பாரு," என்றார். நான் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்தேன். "அதான் நல்லவேளயா எங்க வீட்ல தங்கினீங்கன்னு சொல்றேன்," என்று முடித்துவிட்டு ரசத்தை ஊற்றினார். அதன் பிறகு இரண்டு கரண்டி கூடுதலாகவே சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் பதின்மூன்று வண்டிகள் கிளம்பின. நேமிநாதன் வெள்ளை வேட்டியில் வந்து வரிசையின் முன்னால் நின்றார். பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவராக, ஏன் ஓட்டவில்லை என்று அவரைக் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் என்னைக் கைகாட்டி, கேட்ட ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொன்னார். "எங்க வீட்லதான் தங்கியிருக்காங்க. எங்க சாப்பாட்டத்தான் சாப்புட்டாங்க. என் வண்டியத்தான் மொதல்ல தள்ளினாங்க." சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. நான் தைப்பிங்கில் அழைப்புக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது என் குரல் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை பதின்மூன்று வண்டிகளும் முழுசாகத் திரும்பின. டெய்சி ஏழாவதாக வந்தார். இறக்கத்தில் இரண்டு பேரை முந்தினாராம். யாரோ சால்வை போட வந்தபோது அவர் குனிந்து டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். சூட்டில் லேசாக நிறம் மாறியிருந்தது. திருப்பிப் பார்த்தேன், இடிக்கவில்லை.

சங்கத்தார் சேர்ந்து நின்று பேசி ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். முரளி ஒலிபெருக்கியில் அதைச் சொன்னார். அடுத்த வருடம் வெளிநாட்டிலிருந்து ஆள் கூப்பிடப் போவதில்லை, வண்டிகளைச் சோதிக்கப்போவது நம்ம ஊர் டெய்சி. நான்தான் முதலில் கைதட்டினேன்.

டெய்சி ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார். "ரொம்ப சந்தோசம்ணா," என்றார். "ஆனா சோதிக்கறவங்க ஓட்டக்கூடாதுன்னு விதி இருக்குதுல்ல? இந்த தபா ஏழாவது வந்துகிறேன். நா ஓட்றேன். அதுக்கு வேற ஆளப் பாருங்க."

அப்போது முன்வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார் நேமிநாதன்.

"அளக்கத்தான் கத்துக்கினேனே," என்றார். "என்னப் போடுங்க."